வாய்க்காலுக்கு மேலயா, கீழயா?

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத விவசாயி ஒருவரைப் பார்த்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள். ஊர் பேர் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். "வாய்க்காலுக்கு மேலயா, கீழயா?"

அவ்வளவுதான். வருஷத்தில் எத்தனை மாசம் தண்ணி, என்ன வெள்ளாமை, ஏக்கர் என்ன விலை, அந்த வீட்டுக்குப் பொண்ணு கொடுக்கலாமா வேண்டாமா, எல்லாம் அந்த ஒரே பதிலில் வந்துவிடும். நான் மேல. என் காட்டில் இருந்து வாய்க்கால் 400 அடி தூரம். சித்திரை மாச வெயிலில் கிணறு வறண்டு கிடக்கும்போது, களத்துமேட்டில் நின்றால் அந்தத் தண்ணி மினுமினுப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு சொட்டுக்கும் பாத்தியதை கிடையாது.

வாய்க்கால் என்று நான் சொல்வது ராஜா வாய்க்காலை. ஜேடர்பாளையம் படுகையணையில் காவிரியின் இடது கரையில் இருந்து பிரிந்து வருகிறது. இதோடு குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் எல்லாம் சேர்த்தால் 16,000 ஏக்கருக்கு மேல் பாசனம். வெற்றிலை, வாழை, கரும்பு, நெல், கோரை என்று பரமத்தி வேலூர் வட்டாரத்தின் பச்சை முழுக்க இதன் புண்ணியம். நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும்தான் என்று நினைக்கிறவர்கள் ஒருதரம் இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

போன மாசம் ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன, ஏற்பாடே முடிந்துவிட்டது. மேட்டுக்காட்டில் 16 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வாய்க்காலுக்குக் கீழே, கரையை ஒட்டி 10 சென்ட் நிலம் வாங்குவது, அதில் கிணறு வெட்டுவது, அங்கிருந்து பைப்லைன் போட்டு ரெண்டு மூணு கிலோமீட்டர் மேலே ஏற்றுவது. இது எங்கள் பக்கத்தில் புதுசு இல்லை. காவிரிக் கரையோரம் நெடுக இப்படித்தான் தண்ணி மேடு ஏறுகிறது. கிணறு பட்டா நிலத்தில்தான் இருக்கும், வாய்க்காலை யாரும் தொடப் போவதில்லை. ஆனால் வாய்க்காலில் இருந்து 30 அடி தள்ளி வெட்டுகிற கிணற்றுக்குத் தண்ணி எங்கிருந்து வரும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். பங்கு ஒன்றுக்கு 3 லட்சம். பைப் என் காட்டு வழியாகப் போக வேண்டியிருப்பதால் எனக்கு மட்டும் 1 லட்சம்.

எனக்கு 4 ஏக்கர். ரெண்டு வருஷம் முன்னால் போர் போட்டு 700 அடிக்கு வெறும் புகைதான் வந்தது. அந்தக் கடனே இன்னும் இருக்கிறது. 1 லட்சத்துக்குத் தண்ணி என்றால் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகானா?

மாமாவிடம் சொன்னேன். அம்மாவோடு கூடப்பிறந்தவர், ஜேடர்பாளையத்தில் இருக்கிறார், 74 வயசு. முப்பது வருஷம் இந்த வாய்க்காலில் லஸ்கராக இருந்தவர். டவுனில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்காது. மதகு திறந்து மூடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது, உடைப்பு எடுத்தால் ஓடிப்போய் அடைப்பது, ராத்திரி யார் மடையை வெட்டினார்கள் என்று கண்டுபிடிப்பது எல்லாம் லஸ்கர் வேலை. மாமா நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

"காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் வாய்க்காலப் பூரா நடந்து பாத்துருவோம் மாப்ள. வேலூர் வரைக்கும். நானும் வர்றேன்."

மாசி மாசம் ஒரு வியாழக்கிழமை, காலையில் ஆறு மணிக்குப் படுகையணையில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இந்த இடம் வேறு மாதிரி இருக்கும். காரும் வேனும் நிற்க இடம் இருக்காது, பாறையெல்லாம் குளிக்கிற கூட்டம், மீன் வறுவல் வாசம் ஒரு பர்லாங்குக்கு அடிக்கும். அந்த நேரத்தில் யாரும் இல்லை. எண்ணெய்ச் சட்டியெல்லாம் கவிழ்த்துக் கிடந்தது. ரெண்டு நீர்க்காகம் மட்டும் சிறகை விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தது.

வாய்க்காலை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று சொல்வார்கள், 17ஆம் நூற்றாண்டு. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை உண்டு. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். அரசியலுக்காகக் கும்பிடுகிறவர் இல்லை அவர். "ரசமட்டம் இல்லாத காலத்துல எப்படிய்யா வாட்டம் பாத்தீங்க"ங்கிற ஆச்சரியம் முப்பது வருஷமாக அவருக்குத் தீரவில்லை.

அந்த வாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடந்தால்தான் புரிகிற விஷயம் அது. ஆறும் வாய்க்காலும் ஒரே இடத்தில் ஒரே மட்டத்தில் புறப்படுகின்றன. ஆறு ஊதாரி மாதிரி சரசரவென்று இறங்கிவிடுகிறது. வாய்க்கால் கஞ்சன். மேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உயரத்தைச் செலவு பண்ணாமல், வளைந்து வளைந்து போகிறது. முதல் ஒரு கிலோமீட்டரில் வலது கைப்பக்கம் ஆறு பக்கத்திலேயே சலசலக்கும். போகப் போக ஆறு கீழே கீழே விலகிப் போய்விடும். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் விழுகிற அந்தத் துண்டு நிலம்தான் நஞ்சை. இடது கைப்பக்கம் மேடு. கரை ரெண்டு ஆள் அகலம், அதில் நடந்தால் ஒரு கண்ணுக்கு வெற்றிலையும் வாழையும், இன்னொரு கண்ணுக்கு மரவள்ளியும் சோளத்தட்டும் வேலிக்காத்தானும். ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்காலுக்குப் பாம்பு வழி காட்டியது என்று கதை சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது அது, எங்களுடையதைவிட மூத்தது. பாம்பு மாதிரி வளைந்து போவதற்குக் காரணம் இந்த மட்டம்தான். நேராக வெட்டியிருந்தால் பாதி தூரத்திலேயே தண்ணி பள்ளத்தில் விழுந்து ஆற்றுக்கே திரும்பிப் போயிருக்கும்.

வடகரையாத்தூர் பக்கம் வரைக்கும் மாமாதான் பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு கதை. இந்த மதகில் மாடு விழுந்தது, அந்த மதகில் பங்காளிச் சண்டையில் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள், அடுத்ததில் ஒரு கல்யாணமே நிச்சயம் ஆனது. எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிலிக்கல்பாளையம் கிட்டே வரும்போது பாகு வாசம் வந்துவிட்டது. வெல்ல ஏலம் நடக்கிற ஊர். சுற்றிலும் ஆலைக் கொட்டகைகள்தான். ஒரு கொட்டகையில் தெரிந்தவர் இருந்தார், உள்ளே போய் உட்கார்ந்தோம். கொப்பரையில் கடைசிக் கொதி. வடக்கே இருந்து வந்த பையன் ஒருத்தன் நீளக் கரண்டியால் நுரையை வழித்துக்கொண்டு "வாங்க அண்ணா"ன்னு எங்கள் ஊர்த் தமிழில் கூப்பிட்டான். சூடான பாகை ஒரு கரும்புச் சோகையில் ஊற்றிக் கொடுத்தார்கள். 30 கிலோ சிப்பமாகக் கட்டி ஏலத்துக்குப் போகும். கொட்டகைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். வெள்ளை வெளேர்னு வெல்லம் கேட்கிறது டவுன்காரர்கள்தானாம். கருப்பாக இருந்தால் ஏலத்தில் விலை விழுகிறது, அதனால்தான் சில பேர் அஸ்காவைக் கலக்கிறார்களாம். படிக்கிறவர்கள் கோவித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பொங்கலுக்குக் கொஞ்சம் கருத்த வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கப்புறம் எங்கள் காட்டு எல்லை வந்தது. கீழே இருந்து என் காட்டை நான் பார்த்தது ரொம்பக் குறைவு. கரையில் நின்று அண்ணாந்தால் என் தென்னை நாலும் கொண்டை வாடி நிற்கிறது தெரிந்தது. வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் அந்த 10 சென்ட். குச்சி நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கிணறு வரப்போகிற இடத்தில் ஒரு வட்டம்.

இந்த இடத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். சில வருஷம் முன்னால் நடந்த சீரமைப்பு வேலை. சுவர் வருவதற்கு முன்னால் என் கிணற்றில் மோட்டார் மூணு மணி நேரம் ஓடும். இப்போது ஒரு மணி நேரம்தான். வாய்க்கால் தண்ணிக்கு எனக்குப் பாத்தியதை இல்லை என்றேன். ஆனால் மண் கரையில் கசிந்த தண்ணி என் கிணற்று ஊற்றுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. திட்ட அறிக்கைகளில் 'கசிவு இழப்பு' என்று எழுதுகிறார்களே, அது என் கிணறுதான்.

கீழ்பவானியில் இதே சண்டை பெரிசாக நடந்தது பேப்பரில் படித்திருப்பீர்கள். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2,07,000 ஏக்கர் பாசனம். கான்கிரீட் போடாதே, எங்கள் கிணறும் குடிதண்ணியும் போய்விடும் என்று ஒரு தரப்பு. போட்டே ஆக வேண்டும், கடைமடைக்குத் தண்ணி வந்து சேருவதில்லை என்று இன்னொரு தரப்பு. ரெண்டு தரப்பும் விவசாயிகள். ரெண்டு தரப்பும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போதெல்லாம் நான் யோசிக்காமலே முதல் தரப்புப் பக்கம்.

மாமா அந்தச் சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் நாலு அடி தள்ளி ஒரு பழைய மதகைக் காட்டினார்.

"இங்கதான் உங்கப்பா ஹோஸ் போட்டிருந்தாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2003. அந்த வறட்சியை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், காவிரியே மணலாகக் கிடந்த வருஷம். வாய்க்காலில் முழங்கால் தண்ணி வந்தாலே பெரிய விஷயம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வண்டியில் ஆயில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்து, ஹோஸை வாய்க்காலில் இறக்கி, விடியறதுக்குள் கழற்றிக்கொண்டு போவோம். எட்டு ராத்திரி. சத்தம் கேட்கக்கூடாது என்று எஞ்சினைச் சுற்றி நனைத்த சாக்கு. அப்பாவோடு நானும்தான் இருந்தேன், எனக்கு 19 வயசு. யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா மாமா?"

"ஒம்பதாம் நாள் நான்தான் ஹோஸை இழுத்து வேலி மேல போட்டேன். ஆரோ பாத்துட்டாங்கன்னு நீங்களா நிறுத்திட்டீங்க."

எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. அக்கா புருஷனை எப்படி எழுதிக் கொடுப்பது? எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஆறு மாசம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்கு அந்த ஆறு மாசம் ஞாபகம் இருக்கிறது. ஆடி நோம்பிக்கும் மாமா வரவில்லை என்று அம்மா அழுதது ஞாபகம் இருக்கிறது. தம்பிக்கு என்ன குறை வைத்தோம் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து தோட்டத்துக்குப் போவார். அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். காரணம் தெரியாமலே.

ரொம்ப தூரம் ரெண்டு பேரும் பேசாமல் நடந்தோம். ஒரு கன்னிமார் கோயில் புங்கமர நிழலில் தூக்குப்போசியைத் திறந்தோம். அரிசியும் பருப்பும் சோறு, தயிர், ஊறுகாய். தண்ணி பாலத்துக்கடியில் சுழித்துப் போகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் மாமா கீழே இறங்கி, மதகு வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக் பையையும் ஆகாயத்தாமரையையும் ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆச்சு.

மத்தியானத்துக்கு மேல் நடை சுகமில்லை. வெங்கரை, பாண்டமங்கலம் என்று ஊர்கள் நெருக்கமாக வரும். ஊர் நெருங்க நெருங்க வாய்க்கால் சாக்கடை வேஷம் போடுகிறது. கோழி இறகு, டயாப்பர், பாட்டில். எந்த ஊர் என்று பேர் போட்டு எழுதுவதில் அர்த்தம் இல்லை, எல்லா ஊருமேதான். கரையெங்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதாப் பூவோடு நிற்கிறது. பார்க்க அழகு, வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும் அதன் சனியன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகளூர் காகித ஆலைப் புகைபோக்கி தெரிய ஆரம்பித்தபோது என் வலது கால் கட்டைவிரலில் கொப்புளம் உடைந்தது. போனில் பார்த்தேன், 21 கிலோமீட்டர்.

பொத்தனூர் கொடிக்கால்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெளியே மாசி வெயில் மண்டையைப் பிளக்கும். அகத்தி மரங்களுக்கு நடுவே உள்ளே நுழைந்தால் பத்து டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஈர மண் வாசமும் வெற்றிலைக் காரமும் சேர்ந்து ஒரு வாசம். அங்கே ஒரு அக்கா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார், தண்ணி கேட்கத்தான் போனோம். சொம்பில் தண்ணி கொடுத்து, உட்காரச் சொல்லி, ஆளுக்கு ரெண்டு வெற்றிலையும் கொடுத்தார். குத்தகைக் கொடிக்கால், முக்கால் ஏக்கர். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. சுமைக்கு என்ன விலை கிடைக்கும் என்பது முகூர்த்தத்தைப் பொறுத்தது.

இலை சின்னதாக இருந்தது. கொடி நுனியெல்லாம் கொஞ்சம் சுருண்டு. மாமா ஒரு இலையைத் திருப்பிப் பார்த்து, "தண்ணி இழுத்துப் போச்சா?" என்றார்.

"ஆமாங்க அப்பாரு. அஞ்சாம் நாள் வர வேண்டிய முறை ஒம்பதாம் நாள்தான் வந்துச்சு. வந்ததும் பாதி. கொடிக்கு நாலு நாள் தள்ளுனா இலை இப்படித்தான் ஆகும். சுமைக்குப் பாதி வெலைதான் கேக்கறாங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விரல் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தது. "மேல எங்கயோ போயிருதுங்க. கெணறு வெட்டி, பைப்பு போட்டு ஏத்திருறாங்க. ஆரைப் போயி கேக்கறது?"

அப்புறம் என்னைப் பார்த்து, வழக்கமான விசாரிப்புதான், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"வாய்க்காலுக்கு மேலயா, கீழயாங்க?"

"கீழங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது, அவர் கொடுத்த வெற்றிலை, அதோடு அப்படி வந்துவிட்டது. மாமா எங்கேயோ அகத்திக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "அப்ப உங்களுக்குத் தெரியுமே எங்க கஷ்டம்" என்றார்.

கிளம்பும்போது வாழை நாரில் கட்டி ஒரு கவுளி கொடுத்தார். காசு கொடுத்ததற்கு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

வேலூர் போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. போன் 24 கிலோமீட்டர் காட்டியது. திரும்பிப் போக பஸ். காலையில் இருந்து நடந்த தூரத்தை பஸ் ஒரு மணி நேரத்தில் சுருட்டியது. ஜன்னலில் வாய்க்கால் அப்பப்போ தெரிந்து தெரிந்து மறைந்தது. மாமா தூங்குகிறார் என்று நினைத்தேன். பிலிக்கல்பாளையம் தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எப்ப மாப்ள உன் காடு வாய்க்காலுக்குக் கீழ வந்துச்சு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இறங்கும்போது அந்தக் கவுளியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். "நீயே வெச்சுக்க, எனக்குப் பல்லு இல்ல."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் பங்கு இல்லாவிட்டாலும் பைப் வேறு காட்டு வழியாகப் போகும், அதற்கு ஆள் தயாராக இருக்கிறார்கள். கிணறு எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். என் தென்னை நாலும் எப்படியும் வாடத்தான் போகிறது. நேற்று ராத்திரி ரெண்டு தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்னும் வாடவில்லை.